பாகவதர் கிராப்பும் என் கத்திரிக்கோலும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனை முடிவெட்ட அழைத்துப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்து, கடைக்காரத் தம்பியிடம் ஒரு நடிகரின் படத்தைக் காட்டினான். "இதே மாதிரி அண்ணா. சைடு ரெண்டும் ஒட்ட, மேல மட்டும் அப்படியே இருக்கட்டும்." தம்பி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தாத்தா சம்மதித்தால்தான் கத்திரிக்கோலை எடுப்பேன் என்கிற பார்வை அது. நான் வாயைத் திறக்கப் போனேன். பிறகு மூடிக்கொண்டேன். "அவன் சொல்ற மாதிரியே வெட்டுங்க தம்பி" என்றேன்.

ஏன் மூடிக்கொண்டேன் என்பதற்குப் பின்னால் எண்பது வருடக் கதை இருக்கிறது. வரலாற்று வாத்தியார் அல்லவா, ஆரம்பத்திலிருந்துதான் சொல்லத் தெரியும்.

என் அப்பாவுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும்போது ஊர் முழுக்க ஒரே பெயர்தான்: எம்.கே. தியாகராஜ பாகவதர். 1910-இல் மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, நாடக மேடையில் பாடிப் பேரெடுத்தவர். 1934-இல் 'பவளக்கொடி' படத்தில் அறிமுகமானார். அடுத்து 1937-இல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', பிறகு 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி' என்று வரிசையாக வெற்றி. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அதுவரை எந்தத் தமிழ்ப் படமும் கண்டிராத ஓட்டம்.

பாட்டைப் போலவே அவருடைய தலைமுடியும் பேசப்பட்டது. பின்னால் வாரி, பிடரி வரை இறங்கும் முடி. அதற்கு 'பாகவதர் கிராப்பு' என்றே பெயர் வந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இதன் கனம் புரியாது. அன்று கிராமத்தில் ஆண்பிள்ளைக்கு அடையாளம் குடுமி. முன்குடுமியா, பின்குடுமியா, முன்னால் எவ்வளவு சிரைத்திருக்கிறது என்பதை வைத்தே யார் எந்தச் சாதி என்று சொல்லிவிடுவார்கள். பாகவதர் கிராப்பு வந்ததும் மிராசுதார் மகனுக்கும் அவர் வயலில் நாற்றுக்கட்டு சுமப்பவன் மகனுக்கும் தலை ஒரே மாதிரி ஆகிவிட்டது. பெரியவர்களுக்கு வந்த கோபத்தில் பாதி அதனால்தான் என்று அப்பா சொல்வார்.

அப்பா யாருக்கும் சொல்லாமல் கும்பகோணம் போய், குடுமியை எடுத்துவிட்டு வந்தார். முடி வளர்ந்து பிடரியைத் தொட்டபோதுதான் தாத்தாவுக்கு அது எதற்கு என்று புரிந்தது. திண்ணைத் தூணில் கட்டிவைத்து அடித்தாராம். "கூத்தாடி மாதிரி முடி வச்சுக்கிட்டு வந்து நிக்கிறியே, நாளைக்கு என் பிணத்துக்குக் கொள்ளி வைக்கிற தலையாடா இது?" என்று கேட்டாராம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஹரிதாஸ்' கதை என்ன? பெற்றவர்களை மதிக்காமல் சிற்றின்பத்தில் சீரழிந்த ஒருவன், கால்களை இழந்து, மனம் திருந்தி, பெற்றோர் காலடியே கதி என்று திரும்புகிற கதை. அந்தப் படத்தை ஏழு முறை பார்த்த மகனைத்தான் தாத்தா 'அப்பன் பேச்சைக் கேட்காதவன்' என்று அடித்தார். படம் என்ன சொன்னது என்று தாத்தா கேட்கவே இல்லை. முடியை மட்டும் பார்த்தார்.

பிறகு வந்தது அந்த இடி. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பவும் விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது.

தாத்தாவுக்கு வெற்றி. "பாத்தியாடா உன் ஆளை?" என்று தினமும் கேட்பாராம். ஊரில் பல பேர் ராத்திரியோடு ராத்திரியாக முடியைக் குறைத்துக்கொண்டார்கள். அப்பா குறைக்கவில்லை. "நான் அவர் பாட்டைத்தானே கேட்டேன். பாட்டு என்ன குத்தம் பண்ணுச்சு?" என்று ஒரே ஒரு முறை திருப்பிக் கேட்டாராம். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி, ஐம்பது வயது முடியும் முன்பே காலமானார். அப்பா அந்த கிராப்பை, தலையில் முடி இருந்தவரை வைத்திருந்தார்.

அப்பாவிடமிருந்து நான் கற்ற முதல் வரலாற்றுப் பாடம் இதுதான். ஒரு நட்சத்திரத்திடமிருந்து இளைஞன் எதை எடுத்துக்கொள்கிறான் என்பது வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது.

காலம் மாறியது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. கலைஞர் வசனம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். அதுவரை தலைமுடியை நகல் எடுத்தவர்கள் இப்போது நாக்கை நகல் எடுத்தார்கள். கதைவசனப் புத்தகங்கள் தெருவில் விற்றன. எங்கள் தெருவில் என் பெரியப்பா மகன் ஒருவர், ஐந்தாவதோடு நின்றவர், அந்த நீதிமன்றக் காட்சி வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார். வாசிக்கத் தடுமாறுகிறவர், வசனப் புத்தகத்துக்காகவே எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினார். பிறகு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, நடுங்காமல் கேள்வி கேட்கிறவராக ஆனார். அவரைச் சினிமா கெடுத்ததா, வளர்த்ததா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது என் காலம். நான் எம்.ஜி.ஆர். கட்சி. இங்கே கட்சி என்றால் சினிமாக் கட்சி. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த தலைமுறை. திரையில் அவர் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், தாயைத் தெய்வமாக மதிப்பார், ஏழைக்காகச் சண்டை போடுவார். இது தற்செயலாக அமைந்தது அல்ல. தன் உருவம் என்ன செய்யும் என்று தெரிந்து, கவனமாகக் கட்டிக் காத்த ஒழுங்கு அது. 1968-இல் வந்த அவருடைய நூறாவது படமான 'ஒளிவிளக்கு'வில் குடிக்கிற காட்சி ஒன்று வைக்க வேண்டியிருந்தது. உடனே அவருடைய மனசாட்சியே பல உருவம் எடுத்து வந்து அவரைக் கண்டிப்பதாகப் பாட்டு வைத்தார்கள். கதாநாயகன் குடித்தால் அதற்குக் கண்டனமும் அதே காட்சியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

அந்தப் படம் பார்த்த மறுநாள் நாங்கள் நான்கு பேர் ஆற்றங்கரையில் கற்பூரம் ஏற்றி, வாழ்நாளில் பீடி, சிகரெட் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது.

சத்தியம் ஐந்து வருடம் தாங்கியது. கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் இருந்தார். நன்றாகப் படிப்பார், நன்றாகப் பேசுவார், என்னைத் தம்பி என்று அழைப்பார். இரவில் அவரோடு டீக்கடைக்குப் போவோம். அவர் கையில் எப்போதும் சிகரெட் இருக்கும். ஒரு நாள் என்னிடமும் ஒன்றை நீட்டினார். மூன்று மணி நேரத் திரை எம்.ஜி.ஆர். தோற்றுப்போனார். பக்கத்தில் நின்ற மனிதர் ஜெயித்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அரசியல் பேசவில்லை, ஆனால் வரலாற்று வாத்தியார் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். திரையில் மதுவைத் தொடாத அதே எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோதுதான், 1981-இல் சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் மறுபடி திறந்தன. டாஸ்மாக் நிறுவனம் உருவானது 1983-இல். அதே முதலமைச்சர்தான் 1982-இல் சத்துணவுத் திட்டத்தையும் தொடங்கினார். என் வகுப்பில் மதியம் பசியால் மயங்கிய பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டும் உண்மை. ஒரு மனிதரின் திரை உருவத்தை அப்படியே அவருடைய ஆட்சியின் மேல் ஒட்டிப் பார்த்தால் இரண்டில் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1977-இல் அரசுப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'மூன்று முடிச்சு' படத்தில், புதிதாக வந்த ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்தார். 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் அதையே ஒரு பந்தயமாக வைத்தார்கள். அவ்வளவுதான், தமிழ்நாட்டுப் பையன்கள் அத்தனை பேரும் எதையாவது தூக்கிப் போட்டு வாயில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடலை, பொரி, குச்சி, தீக்குச்சி, எல்லாம்.

1983-ஆம் வருடம். ஒன்பதாம் வகுப்பு. நான் உள்ளே நுழையும்போது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் சாக்பீஸைத் தூக்கிப் போட்டு லாவகமாக உதட்டில் பிடித்தான். அதோடு விடவில்லை. இரண்டு விரலால் அதை எடுத்து, தலையை லேசாகச் சாய்த்து, பக்கவாட்டில் புகை விட்டான். வகுப்பு சிரித்தது. என்னைப் பார்த்ததும் அடங்கியது.

நான் பிரம்பை மேசையில் தட்டி, "யாரைப் பாத்துடா இதெல்லாம் கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். ரஜினி என்று சொல்வான், சினிமாவைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று காத்திருந்தேன்.

அவன் பயந்துகொண்டே சொன்னான்: "தூக்கிப் போடறது ரஜினி சார். புகை விடறது... நீங்க சார்."

வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அவன் குறும்புக்காகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னான். இடைவேளையில் ஆசிரியர் அறை ஜன்னலோரம் நின்று நான் புகைப்பதை, மைதானத்திலிருந்து பையன்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் புகை விடுவது என் பழக்கம். அதுவும் அந்த விடுதி சீனியரிடமிருந்து வந்ததுதான்.

அன்று அவனை அடிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் காலை வழிபாட்டின்போது அவன் தலை என் கண்ணில் பட்டது. காதை மூடி, காலரைத் தொடும் முடி. ஸ்டெப் கட்டிங் என்பார்கள் அப்போது. அவனைப் போல இன்னும் பத்துப் பேர் வரிசையில் இருந்தார்கள். நான் அவனை மட்டும் முன்னால் அழைத்தேன். தையல் வகுப்பிலிருந்து கத்திரிக்கோல் வரவழைத்து, மொத்தப் பள்ளியும் பார்க்க, ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டேன். "மீதியைக் கடையில போய் வெட்டிக்கிட்டு வா" என்றேன்.

ஒழுக்கம் என்று அன்று சொன்னேன். இன்று எழுபத்திரண்டு வயதில் சொல்கிறேன், அது ஒழுக்கம் இல்லை. அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த தண்டனை. முடி எனக்குக் கிடைத்த சாக்கு. என் தாத்தா திண்ணைத் தூணில் செய்ததை நான் கொடிக்கம்பத்தடியில் செய்தேன்.

அவன் திரும்ப வரவில்லை. முதலில் காய்ச்சல் என்றார்கள். ஒரு மாதம் கழித்து, லாரி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் அப்பா தச்சு வேலை செய்பவர், ஒரு முறை பள்ளி வாசல் வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார். வீடு நான்கு தெரு தள்ளித்தான். நான் போய் அழைக்கவில்லை. போயிருந்தால் வந்திருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த வருடமே எனக்கு மறுபக்கமும் கண்ணில் பட்டது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். கேரளத்தில் பய்யோலி என்ற சின்ன ஊரிலிருந்து போன பெண். செய்தித்தாளில் படம் வந்த வாரம், எங்கள் பள்ளியில் வயதுக்கு வந்ததும் மைதானத்தை விட்டு ஒதுங்கிவிடும் பெண் பிள்ளைகளில் ஆறு பேர் உடற்பயிற்சி ஆசிரியரிடம் வந்து, "நாங்களும் ஓடலாமா சார்?" என்று கேட்டார்கள். மறு ஆண்டு ஜகார்த்தாவில் உஷா 5 தங்கம் வென்றபோது அந்த ஆறு, பதினாறு ஆகியிருந்தது. அவர்களும் உஷா மாதிரி முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டுதான் வந்தார்கள். அந்த முடியை யாரும் வெட்டவில்லை.

அப்படியென்றால் திரையில் காட்டுவதற்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. திரையில் புகைப்பதைப் பார்ப்பது பிள்ளைகளைப் புகைக்கத் தூண்டுகிறது என்பதை, பல ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை 2012-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் ஊரில் 2002-இல் 'பாபா' படம் வந்தபோது இதே பிரச்சினை தெருவுக்கு வந்தது. 2005-இல் மத்திய அரசு திரையில் புகைக்கும் காட்சிக்குத் தடை கொண்டுவந்தது. அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2012 அக்டோபர் முதல் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தில் ரஜினி சிகரெட்டுக்குப் பதில் சூயிங்கம்மைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். 2011-இல் அஜித் தன் ரசிகர் மன்றங்களையே கலைத்தார். நட்சத்திரங்களும் தங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று யோசித்திருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்றைக்கு நிலைமை இன்னும் கடினம். பாகவதரை அப்பா வருடத்துக்கு ஒரு படத்தில் பார்த்தார். எம்.ஜி.ஆரை நான் மாதத்துக்கு ஒரு முறை பார்த்தேன். என் பேரனின் நாயகர்கள் அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறார்கள். படுக்கையில் கூட உடன் வருகிறார்கள். நெடுஞ்சாலையில் பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி வீடியோ போடுகிறவனுக்கும் பிள்ளைகள் ரசிகர்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. முடியையும் சட்டையையும் விட்டுவிடுங்கள், அது வளரும், மாறும். சிகரெட், வேகம், அடுத்தவரை இழிவாகப் பேசுவது, இவற்றில் கறாராக இருங்கள். ஆனால் கறாராக இருப்பதற்கு முன்னால் நம் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2014-இல் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். அவரை என்று சொல்ல வேண்டும், நாற்பத்தைந்து வயது. சொந்தமாக இரண்டு லாரி. தலை பாதி நரைத்து, ஒட்ட வெட்டியிருந்தார். "சார், என்னைத் தெரியுதா?" என்று கும்பிட்டார். தெரியாமலா? பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மகள் இன்ஜினியரிங் படிப்பதாகச் சொன்னார்.

கை கழுவிவிட்டு வெளியே வந்ததும் கேட்டார்: "சார், இன்னும் பிடிக்கிறீங்களா?"

"இல்லப்பா. தொண்ணூத்தி ரெண்டிலேயே விட்டுட்டேன்."

"நல்லது சார்," என்றார். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, "நான்தான் இன்னும் விடல."

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா. மன்னிச்சுக்கோ" என்றேன். "எதைச் சொல்றீங்க சார்?" என்றார். தெரிந்துகொண்டேதான் கேட்டார் என்பது அவர் முகத்தில் இருந்தது. என்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. தாம்பூலப் பையை என் கையில் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் என் முன்னால் அவர் புகைக்கவில்லை.

இதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டேன். வெட்டி முடித்து வீட்டுக்கு நடக்கும்போது பேரனிடம், "அந்த நடிகர்கிட்ட உனக்கு என்னடா பிடிக்கும்?" என்று கேட்டேன். ஒருவரும் இதுவரை அவனிடம் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தான். அந்த நடிகர் சின்ன வேஷங்களில் பத்து வருடம் காத்திருந்தாராம். அதுதான் பிடிக்குமாம். கணக்கில் மூன்று முறை குறைந்த மதிப்பெண் வாங்கியவன் சொல்கிறான். நானும் முடியை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

உங்கள் காலத்து 'கிராப்பு' எது? அதற்காக யாரிடம் அடி வாங்கினீர்கள்? எழுதுங்கள். என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், 1983-இல் அந்த வழிபாட்டு வரிசையில் நின்றவர்கள் இருந்தால், அவர்களும் எழுதலாம். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள். கேட்டுக்கொள்கிறேன்.